குடல் அழற்சி நோய்: இயக்குநீர் மருந்தும் மாற்று மருத்துவமும்

குடல் அழற்சி நோய் என்பது குடலின் உட்சுவர் நீண்டகாலம் வீங்கிப் புண்ணாகும் நோய்களின் பொதுப்பெயர் ஆகும். பெருங்குடற்புண் அழற்சி, குரோன் நோய் ஆகியவை இதன் முதன்மை வகைகள். இரத்தமும் சளியும் கலந்த கழிச்சல், வயிற்றுவலி, உடல் மெலிவு ஆகியவை அறிகுறிகள். இவை சீதபேதியையும் குடல் காசநோயையும் ஒத்திருப்பதால், இந்தியாவில் நோயைப் பிரித்தறிவது எளிதன்று. சித்த மருத்துவம் நாட்பட்ட கழிச்சலைக் 'கிராணி' என வகைப்படுத்துகிறது.

இயக்குநீர் மருத்துவம்

அண்ணீரகச் சுரப்பியின் இயக்குநீரான கார்டிசோன், 1948இல் அமெரிக்காவில் முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. அப்பணிக்காகக் கெண்டல், ஹென்ச், ரைக்ஸ்டைன் ஆகியோர் 1950இல் நோபல் பரிசு பெற்றனர். பெருங்குடற்புண் அழற்சியில் இம்மருந்தை டுரூலவ், விட்ஸ் என்னும் இங்கிலாந்து மருத்துவர்கள் 210 நோயாளிகளிடம் சோதித்து, 1955இல் முடிவை வெளியிட்டனர். ஆறு வாரங்களில் கார்டிசோன் பெற்றோரில் சுமார் 41 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை பெற்றோரில் சுமார் 16 விழுக்காட்டினருக்கும் நோய் தணிந்தது. ஆனால் தணிந்த நோய் திரும்பாமல் தடுக்க அது உதவவில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. முகம் உப்புதல், நீரிழிவு, எலும்புத் தேய்மானம் போன்ற தீமைகளும் தெரியவந்தன. ஆகவே ஸ்டீராய்டு, நோய் முற்றும்போது குறுகிய காலத்திற்கு மட்டும் தரும் மருந்தாயிற்று.

கோயம்புத்தூர்ச் சூழல்

அதே 1955இல் தமிழ்நாட்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம் கோயம்புத்தூரில் தொடங்கியது. பஞ்சாலைகள் நிறைந்த சிங்காநல்லூரில் பின்னர் அமைந்த இ.எஸ்.ஐ. மருத்துவமனை ஆலைத் தொழிலாளர்களுக்கு நவீன மருத்துவத்தை எட்டச் செய்தது. அங்கிருந்து மேற்கே, திருச்சி சாலையிலுள்ள இராமநாதபுரத்தில், பி. வி. இராம வாரியர் 1943இல் நிறுவிய ஆரிய வைத்திய பார்மசியின் சிகிச்சை நிலையம் வளர்ந்தது. இருவகை மருத்துவமும் மக்களுக்குக் கிடைத்தன.

இராமநாதபுரத்தில் முடக்குவாதத்திற்கான ஆயுர்வேத சிகிச்சை, மெத்தோட்ரெக்சேட், இரண்டும் சேர்ந்தது என மூன்று பிரிவாக 43 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. மூன்றிலும் பலன் ஏறத்தாழ ஒத்திருந்தது. சிறிய முன்னோடி ஆய்வு என்பதால் இது இறுதித் தீர்ப்பு ஆகாது. குடல் நோய்க்கும் அப்படியே பொருந்தாது. எனினும், மரபு மருத்துவத்தையும் கட்டுப்பாட்டு ஆய்வுக்கு உட்படுத்த முடியும் என்பதை அது காட்டியது.

மஞ்சளும் பிசினும்

ஈரோட்டு மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. மஞ்சளிலுள்ள குர்குமினை நாளொன்றுக்கு 2 கிராம் வீதம், வழக்கமான மருந்துடன் சேர்த்துக் கொடுத்த சப்பானிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஆறு மாதங்களில் குர்குமின் பெற்ற 43 பேரில் இருவருக்கும், பெறாத 39 பேரில் எட்டுப் பேருக்கும் நோய் திரும்பியது. ஆனால் நாளொன்றுக்கு 450 மில்லிகிராம் மட்டும் கொடுத்த தில்லி எய்ம்ஸ் ஆய்வில், 2017இல், வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. சமையல் மஞ்சளில் குர்குமின் சில விழுக்காடே உள்ளதால், குழம்பில் சேரும் மஞ்சள் மருந்தளவை எட்டாது. சல்லகி மரப்பிசின் பற்றிய 1997ஆம் ஆண்டு இந்திய ஆய்வும் நற்பலன் கூறியது. அதுவும் சிறிய ஆய்வே.

நோயாளிக்குரிய படிப்பினை

நீண்டநாள் உட்கொண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால், சொந்தச் சுரப்பி உடனே ஈடுகொடுக்க முடியாமல் உயிருக்கே ஆபத்து நேரலாம். நாட்டு மருந்துக்கு மாறுவோர் இதை அறியாமல் மாத்திரையைக் கைவிடுவது தீங்கானது. சூரணத்தில் மறைவாக ஸ்டீராய்டு கலக்கப்பட்டிருந்தால், விரைவான குணமே ஏமாற்றமாகிவிடும். எனவே உட்கொள்ளும் எல்லா மருந்தையும் இரு தரப்பு மருத்துவரிடமும் சொல்வதும், அளவைப் படிப்படியாகக் குறைப்பதுமே பாதுகாப்பான வழி ஆகும்.