கண்ணாடி மாளிகை



பகைவர்க்கு அஞ்சிய காலத்தில் இங்கிலாந்துப் பிரபுக்கள் தடித்த சுவர்களுக்கும் ஒடுங்கிய துவாரங்களுக்கும் பின்னே வாழ்ந்தனர். உள்நாட்டுப் போர் ஓய்ந்ததும் சுவர்கள் திறந்தன, சாளரங்கள் விரிந்தன. அம்மாற்றத்தின் சிகரமாக விளங்குவது, டாபிஷயரில் ஒரு குன்றின்மேல் நிற்கும் ஹாட்விக் மாளிகை.

அதனைக் கட்டுவித்தவர் ஒரு பெண்மணி. அவ்விடத்திலே, சிறு நிலக்கிழார் ஒருவரின் மகளாகப் பிறந்த எலிசபெத், நான்கு முறை மணம் புரிந்து நான்கு முறையும் கணவரை இழந்தார். இறுதிக் கணவரான சுறூஸ்பரிப் பிரபு 1590இல் மறைந்தபோது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். அவ்வாண்டிலேயே மாளிகை வேலை தொடங்கிற்று, 1597இல் குடிபுகுந்தார். இதன் அமைப்பை வகுத்தவர் றொபேட் ஸ்மித்சன் என்பது அறிஞர் துணிபு.

முகப்பை நோக்குங்கள். கீழ்த்தளம் பணியாளர்க்கு; நடுத்தளம் குடும்பத்தினர்க்கு; மேற்றளம் அரச விருந்தினர்க்கு. தளம் உயர உயரச் சாளரங்களும் உயர்கின்றன. ஆகவே, உள்ளே புகாமலே உயர்ந்தோர் இருக்கை எதுவென அறியலாம். கண்ணாடி விலையுயர்ந்த பொருளாயிருந்த அக்காலத்தில், அச்சாளரங்களே செல்வத்தின் பறைசாற்றல். இத்துணைக் கண்ணாடியைத் தாங்குவது எங்ஙனம்? கட்டடத்தின் நடுவே ஓடும் தடித்த சுவரே முதுகெலும்பு. புகைபோக்கிகள் பெரும்பாலும் உட்சுவர்களில் அடங்கியதால் வெளிச்சுவர் ஒளிக்கு வழிவிட்டது. ஒழுங்கு கெடாதிருக்கச் சில சாளரங்கள் பொய்ச் சாளரங்களாகவும் அமைந்தன. கண்ணாடிக்குப் பின்னே இருப்பது வெறுஞ்சுவர்!

கோபுரங்கள் ஆறின் உச்சியிலும் சீமாட்டியின் பெயரெழுத்துக்கள் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. நீண்ட கற்படிகளில் ஏறினால் பேரவைக் கூடத்தையும், ஏறத்தாழ 160 அடி நீளமான காட்சிக்கூடத்தையும் அடைகிறோம். ஆனால் எலிசபெத் அரசி அங்கு ஒருபோதும் வரவில்லை. சீமாட்டியின் பேர்த்தி ஆர்பெல்லா அரியணைக்கு உரிமையுடையவளாக எண்ணப்பட்டாள், அவளும் முடிசூடவில்லை. 1615இல் இலண்டன் கோபுரச் சிறையிலே மாண்டாள். அரசிக்கெனச் சமைத்த தளம் அரசியைக் காணாமலே போயிற்று.

1608இல் சீமாட்டி மறைந்தபின், வழித்தோன்றல்களான டெவன்ஷயர்ப் பிரபுக்கள் சற்ஸ்வேத் மாளிகையையே பெரிதும் விரும்பினர். அதனைக் காலத்துக்கேற்பத் திருத்திக் கட்டினர். ஹாட்விக்கை அவ்வளவாகத் தீண்டவில்லை. அப்புறக்கணிப்பே அதற்குக் காவலாயிற்று. 1959இல் அது தேசிய நம்பிக்கை நிதியத்தின் பொறுப்புக்கு வந்தது. அரசியர்க்கெனத் திறந்த படிகளில் இன்று பொதுமக்கள் ஏறுகின்றனர்.