வன்முறைப் போக்கு, தலைமுறைவழி

பெற்றோரின் அடிதடி, வசை, மிரட்டல் ஆகியவை பிள்ளைகள் சக வயதினரிடம் காட்டும் மூர்க்கமாக மாறுவதைக் குறிக்கும் உளவியல் கருத்து. ஆல்பர்ட் பண்டுரா 1961-இல் பொம்மையைக் கொண்டு நடத்திய சோதனையில், பெரியவர் அடிப்பதைக் கண்ட குழந்தைகள் அதையே செய்தனர். நியூயார்க் மாநிலத்தின் கொலம்பியா கவுண்டியில் 1960-இல் தொடங்கிய ஆய்வு, 8 வயதில் முரடரென வகுப்புத் தோழர்களால் சுட்டப்பட்டோரை 22 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அப்போக்கு அவர்களது பிள்ளைகளிடமும் தென்பட்டது. மரபணு, வறுமை, குடும்ப நெருக்கடி ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு.

தமிழகத்தில் சாதிப்பகையும் இவ்வழியே கைமாறுகிறது. விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணத்தில் 2013 ஏப்ரல் 25 அன்று சாதி மோதல் மூண்டது. இத்தகைய பகை பள்ளி மாணவரிடமும் வெளிப்பட்டது: 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன்பயின்ற மாணவர்களே வெட்டினர். இதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குப் பள்ளிகளில் தடை விதிப்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

அடிபட்டு வளர்ந்தோர் அனைவரும் அடிப்பவராவதில்லை. பெற்றோருக்கான பயிற்சியால் பிள்ளைகளின் மூர்க்கம் குறைகிறது.