அலுமினியத்தின் ஆடை

1970களின் கடைசியில் கோவையில் ஒரு பவுண்டரியில், அலுமினிய உலைக்குப் பக்கத்தில்தான் என் பிழைப்பு. உருக்கும்போது ஒரு கட்டத்தில் வெப்பமானியின் முள் அப்படியே நின்றுவிடும். பர்னர் எரியும், எண்ணெய் செலவாகும், முள் மட்டும் அசையாது. "முள்ளு தூங்குது" என்போம். அந்தச் சூடெல்லாம் கட்டியைக் குழம்பாக்கப் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த உள்ளுறை வெப்பம்தான். கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் 1760களிலேயே பனிக்கட்டியை வைத்துக் கண்டு சொன்னது.

ஒரு கிலோ அலுமினியம் 660 டிகிரியில் உருகுவதற்கு மட்டும் சுமார் 400 கிலோஜூல் விழுங்கும். ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க இவ்வளவு வேண்டாம். உறையும்போது விழுங்கியதையெல்லாம் திருப்பித் தந்துவிடும். அப்படியானால் சூட்டைச் சேமித்துவைக்கும் உண்டியலாக இதை வைத்துக்கொள்ளலாமே? 1980இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பிர்ச்சனாலும் ரீக்மனும் பல உலோகக் கலவைகளைச் சோதித்து, சிலிக்கனும் அலுமினியமும் மிகுந்தவையே இதற்கு மேல் என்று எழுதினார்கள். 12 சதவீதம் சிலிக்கன் சேர்த்தால் 577 டிகிரியிலேயே உருகிவிடும். நாங்கள் எல்எம்6 என்று வார்த்ததும் ஏறக்குறைய அதுதான்.

சிக்கல் பாத்திரத்தில் இருந்தது. உருகிய அலுமினியம் இரும்பைத் தின்னும். எங்கள் இரும்புச் சட்டிகளுக்குத் தினமும் பூச்சு பூச வேண்டும். ஒருநாள் அவசரத்தில் பூசாமல் விட்டார்கள். அடி அரித்துப்போயிருந்தது யாருக்கும் தெரியவில்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணனின் இடது காலில் கொட்டியது. நான்கு மாதம் படுக்கை, அதில் பாதிச் சம்பளம்கூட வரவில்லை.

அந்தச் சட்டியில், பால்மேல் படிவதுபோல ஓர் ஆடை படியும். அலுமினிய ஆக்சைடு. வார்ப்பில் கலந்தால் பொருள் வீண் என்று கரண்டியால் வழித்து எறிவோம். எத்தனை மூட்டை எறிந்திருப்பேனோ!

ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் நொமுராவின் குழு 2015இல் அந்த ஆடையையே பாத்திரமாக்கிவிட்டது. தலைமுடித் தடிமனைவிடச் சிறிய அலுமினிய-சிலிக்கன் மணிகளைக் கொதிநீரில் வேகவைத்து, பிறகு ஆயிரம் டிகிரிக்கு மேல் ஆக்சிஜனில் சுட்டார்கள். ஒவ்வொரு மணிக்கும் அலுமினா ஓடு வளர்ந்தது. அந்த ஓடு உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். உலோகம் உருகி விரிந்திருக்கும் நிலையில் ஓடு அமைவதால், ஆறிச் சுருங்கியதும் உள்ளே கொஞ்சம் வெற்றிடம் மிஞ்சுகிறது. அடுத்த முறை உருகி விரியும்போது அந்த இடம் கைகொடுக்கும், ஓடு வெடிக்காது. இதில்தான் கெட்டிக்காரத்தனம் இருப்பதாக எனக்குப் படுகிறது. தொழிற்சாலைகளில் வீணாகும் சூட்டையும் வெயிலையும் பிடித்துவைக்க இது உதவும் என்கிறார்கள்.

பவுண்டரிக்காரனுக்குத் தண்ணீர் என்றாலே பயம். ஈரக் கரண்டி உலையில் பட்டால் வெடிக்கும். அண்ணனுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "என்ன கண்ணு சொல்ற, அலுமினியத்தத் தண்ணியில வேக வெச்சாங்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.