துண்டுச் சீட்டுகளும் தொகுப்பாளர்களும்

1900-ஆம் ஆண்டுவாக்கில் திருவண்ணாமலை நகராட்சியில் ஓவர்சியராக இருந்தவர் கம்பீரம் சேஷய்யர். நேரம் கிடைக்கும்போதெல்லாம் மலையேறி விரூபாக்ஷ குகைக்குப் போய்விடுவார். அங்கே இருந்த இளைஞரான ரமணர் அப்போது அநேகமாகப் பேசுவதில்லை. யோக நூல்களிலும் விவேகானந்தரின் சொற்பொழிவுகளிலும் தமக்குப் புரியாததை சேஷய்யர் கேட்பார். ரமணர் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளில் விளக்கம் எழுதிக் கொடுப்பார். சேஷய்யர் அவற்றைப் பத்திரப்படுத்தியதோடு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் படியெடுத்தும் வைத்துக்கொண்டார்.

அவர் எதையும் அச்சிடவில்லை. அவர் காலத்துக்குப் பிறகு அந்த நோட்டும் சீட்டுகளும் அவருடைய சகோதரரிடமிருந்து ரமணரின் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தன. ரமணரின் அடியாரான சாது நடனானந்தர் அவற்றைப் படித்து, முன்பின் பார்த்து, கேள்வி-பதிலாக ஒழுங்குபடுத்தினார். ‘விசார ஸங்கிரகம்’ என்ற நூல் உருவானது அப்படித்தான். எழுதியவர் ஒருவர், காப்பாற்றியவர் ஒருவர், வரிசைப்படுத்தியவர் இன்னொருவர். ரமணர் பெயரில் இன்று நாம் படிக்கும் பலவும் இந்த மூன்று கைகளைத் தாண்டி வந்தவை. வீட்டுக் கணினியில் ஆயிரக்கணக்கான கோப்புகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, எது எங்கே இருக்கிறது என்று தேடுகிற ஒவ்வொருவருக்கும் இந்த வரலாற்றில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

‘நான் யார்?’ இன்னும் மெல்லிய இழையில் தப்பிப் பிழைத்தது. தென்னாற்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை, 1902-இல் அலுவல் நிமித்தமாகத் திருவண்ணாமலை வந்தபோது கேட்ட கேள்விகளுக்குப் பதில்கள் மணலிலும் சிலேட்டிலும் எழுதப்பட்டன. அடுத்த பதிலுக்கு இடம் வேண்டுமானால் முந்தைய பதிலை அழித்தாக வேண்டும். பிள்ளை குறித்து வைத்ததுதான் மிச்சம். அது நூலாக வெளிவர 1923 ஆயிற்று. பிறகு வந்த பதிப்புகளில் கேள்விகளின் எண்ணிக்கை கூடியும் குறைந்தும் மாறியது. பின்னாளில் ரமணரே அதைக் கட்டுரை வடிவில் எழுதிக் கொடுத்தார். ஒரே ஆவணத்துக்குப் பல வடிவங்கள் சேர்ந்துவிட்டால் எது எப்போது, யாரால் உருவானது என்ற குறிப்பு அவசியமாகிவிடுகிறது. அந்தக் குறிப்பு இல்லையென்றால் பிற்காலத்து வாசகர் தடுமாறிப் போவார்.

ரமணருக்கே காகிதத்தின் அருமை நன்றாகத் தெரியும். தபாலில் வரும் பத்திரிகைகளின் உறைத்தாளைக்கூட வீணாக்கமாட்டார். வெற்றிடம் இருக்கும் பகுதியைக் கத்தரித்து எடுத்து எழுதப் பயன்படுத்துவார். நைந்துபோன புத்தகங்களைத் தைத்து, ஒட்டி, அட்டை போடுவார். கையெழுத்து நோட்டுகளைத் தாமே கட்டி, தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் சம்ஸ்கிருதத்திலும் அச்சு வார்த்ததுபோல எழுதி வைத்தார். ஆசிரமத்துக்கு வரும் கடிதங்கள் அவர் பார்வைக்குப் போகும்; அலுவலகத்தில் எழுதிய பதில்களையும் படித்துப் பார்த்துத் திருத்திய பிறகே தபாலில் சேர்ப்பார்கள்.

ஆசிரமக் கூடத்தில் நடந்த உரையாடல்களைக் குறித்து வைத்தவர்கள் பெரும்பாலும் தேதி வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். முனகால வேங்கடராமையா 1935 முதல் 1939 வரை எழுதிய குறிப்புகள் பிறகு எண்ணிட்ட உரையாடல்களாக வெளிவந்தன. வழக்கறிஞரான தேவராஜ முதலியார் 1945 மார்ச்சில் தொடங்கி நாட்குறிப்பாக எழுதினார். சூரி நாகம்மா அதே ஆண்டு நவம்பரில் தம் அண்ணனுக்குத் தெலுங்கில் கடிதம் எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு கடிதத்துக்கும் தேதி உண்டு. ஒருவருடைய நாட்குறிப்பில் இருக்கும் சம்பவத்தை இன்னொருவருடைய கடிதத்தோடு இன்று ஒப்பிட முடிகிறது என்றால், அதற்கு அந்தத் தேதிகளே காரணம். ஆனால், மௌனத்தைப் பற்றி ரமணர் என்னவெல்லாம் சொன்னார் என்று தேடுபவருக்குத் தேதி மட்டும் உதவாது. புத்தகம் முழுவதையும் புரட்ட வேண்டும். இல்லையென்றால் பின்னிணைப்பில் பொருள் அகராதி வேண்டும்.

பொருள் வரிசையின் பெரிய உதாரணம் முருகனார். தமிழாசிரியராக இருந்த அவர், 1923-இல் ரமணரிடம் வந்தபின் கேட்ட உபதேசங்களை வெண்பாக்களாக யாத்துக்கொண்டே போனார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட ‘குருவாசகக் கோவை’ 1939-இல் அச்சேறியபோது, அவற்றைப் பொருள்வாரியாக அடுக்கிக் கொடுத்தவர் அதே நடனானந்தர்தான்.

1928-இல் நடந்தது இன்னும் சுவையானது. ரமணர் அவ்வப்போது எழுதிப் போட்டிருந்த தனி வெண்பாக்கள் சிதறிக் கிடந்தன. முருகனார் அவற்றைத் திரட்டி, நாற்பது ஆக்கித் தர வேண்டினார். ஜூலை, ஆகஸ்டில் மூன்றே வாரத்தில் ‘உள்ளது நாற்பது’ பிறந்தது. புதிய பாடல்கள் வர வர, அமைப்புக்குள் பொருந்தாத பழைய பாடல்களில் பெரும்பாலானவை வெளியே எடுக்கப்பட்டன. எடுத்தவற்றை யாரும் எறிந்துவிடவில்லை. அவை ‘அனுபந்தம்’ என்ற தனித் தொகுப்புக்குள் போயின. பின்னாளில் அதுவும் நாற்பதாக வளர்ந்தது. வீட்டுக் கணினியை ஒழுங்குபடுத்துகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான வழிமுறை வேண்டியதில்லை. மைய ஃபோல்டரில் இடமில்லாத கோப்புக்கு, பெயர் சூட்டிய இன்னொரு ஃபோல்டர் இருக்கட்டும். அழிப்பதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

நாகம்மா கடிதம் எழுதத் தொடங்கிய அதே 1945-இல், அமெரிக்க விஞ்ஞானி வன்னெவர் புஷ் ஒரு கட்டுரை எழுதினார். அகரவரிசையிலும் எண்வரிசையிலும் வைக்கும் ஆவணம், படியெடுத்தாலொழிய, ஒரே ஓர் இடத்தில்தான் இருக்க முடிகிறது. மனித மனமோ தொடர்பைப் பிடித்துக்கொண்டு தாவுகிறது என்பது அதில் அவர் சொன்ன குறை. தேதியா பொருளா என்ற ஆசிரமத்துச் சிக்கலும் அதுவே. கணினியில் கோப்பின் பெயரை 1945-11-21 என்று ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் தொடங்கி, அதன் பின்னே பொருளை எழுதிவிட்டால் இரண்டு வரிசையும் ஒரே பெயருக்குள் வந்துவிடும். கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். பொருளைத் தட்டித் தேடினாலும் கிடைக்கும்.

1973-இல் முருகனார் மறைந்தபோது, அச்சுக்குப் போகாத பாடல்கள் ஆயிரக்கணக்கில் குவிந்திருந்தன. அவரோடு பழகிய சாது ஓம் உட்கார்ந்து பிரித்து, தலைப்பிட்டு, வரிசைப்படுத்தினார். ‘ஸ்ரீ ரமண ஞான போதம்’ ஒன்பது தொகுதிகளாக வெளிவந்ததற்கு அந்த உழைப்பே அடித்தளம். கடைசித் தொகுதி வரும்வரை சாது ஓம் இல்லை. 1985-இல் அவரும் மறைந்துவிட்டார். எழுதியவரோடு பழகி, அவர் கையெழுத்தும் நடையும் தெரிந்த ஒருவர் பின்னால் இருந்ததால் அந்தக் குவியல் நூலாயிற்று. எத்தனையோ தமிழ்ப் புலவர்களின் வீட்டுக் கட்டுகளுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

படியெடுத்து வைக்கும் பழக்கம் நம் மண்ணுக்குப் புதிதல்ல. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ராஜராஜ சோழன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் செய்தான். புதிய சுவரில் அவை மீண்டும் பொறிக்கப்பட்டது ராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில், அதாவது 1026-வாக்கில். இடைப்பட்ட பத்தாண்டுக்கும் மேலாக அந்தத் தானங்களுக்குச் சாட்சி அந்தப் புத்தகம் ஒன்றுதான். திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் சுவர்களில் சோழர் முதல் விஜயநகரம் வரை பதிந்துகிடக்கும் சாசனங்களுக்கும் இப்போது படி உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அவற்றைத் தொகுதிகளாக அச்சிட்டிருக்கிறது.

கணினி வந்தபின் தமிழ் வீடுகளுக்கு ஒரு தனிச் சிக்கல் சேர்ந்துகொண்டது. 1990-களில் ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு குறியேற்றத்தில் இருந்தது. ஒன்றில் தட்டச்சு செய்த கடிதத்தை இன்னொன்றில் திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களை ஏற்றது. 2010-இல் யூனிகோடுக்கு வந்தது. அதற்கு முன் தட்டச்சு செய்த குடும்ப வரலாறுகள், தாத்தாவின் கவிதைகள், கல்யாணப் பத்திரிகைகள், கோயில் திருப்பணிக் கணக்குகள் எத்தனையோ வீடுகளில் பழைய ஹார்ட் டிஸ்கிலும் சிடியிலும் கிடக்கின்றன. கோப்பு திறக்கும், எழுத்துத் தெரியாது. எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தது என்று சொல்லக்கூடியவர் வீட்டில் இருக்கும்போதே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, யூனிகோடுக்கு மாற்றி, ஆண்டும் எழுதியவர் பெயரும் கோப்பின் பெயரிலேயே சேர்த்து, இன்னொரு வட்டில் ஒரு படியும் எடுத்துவிட வேண்டும். மாற்றித் தரும் மென்பொருள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு விடுமுறை நாளில் பத்துக் கோப்புகளையாவது முடித்துவிடலாம்.