உட்குலப் பின்னலும் தீர்வுறு குலங்களும்

ஒரு முடிவுறு குலத்தின் உட்குலங்கள் யாவற்றையும், எது எதனுள் அடங்குகிறது என்னும் கிரமத்தில் கீழிருந்து மேலாக அடுக்கிக் கோடுகளால் இணைக்கக் கிடைக்கும் அமைப்பே உட்குலப் பின்னலாகும். குலத்தின் பெருக்கல் விதியை முற்றும் மறைத்துவிட்டு இவ்வுருவத்தை மாத்திரம் கொடுத்தால், குலத்தின் ஸ்வரூபத்தில் எவ்வளவை மீட்டறியலாம் என்பதே இத்துறையின் பிரதான வினா. பின்னல் பங்கீட்டு விதிக்கு இணங்குமாயின் குலம் சக்கரக் குலமே என 1938-இல் ஓரே நிறுவினார்.

ஆயினும் எல்லாவற்றையும் மீட்க இயலாது. மூன்று பொருள்களின் வரிசைமாற்றங்களாலான 6 உறுப்புக் குலத்திலும், 3 உறுப்புச் சக்கரக் குலங்கள் இரண்டின் பெருக்கமாகிய 9 உறுப்புக் குலத்திலும், உச்சிக்கும் அடிக்கும் இடையே நான்கு உட்குலங்களே நிற்பதால் இரண்டின் பின்னலும் ஒன்றுதான். பின்னதோ பரிமாற்றுக் குலம், முன்னது அவ்வாறன்று. உறுப்புகளின் எண்ணிக்கையைக்கூடப் பின்னல் காட்டுவதில்லை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

சமன்பாடுகளை மூலங்களால் தீர்ப்பது பற்றிய கால்வாவின் ஆராய்ச்சியில் தோன்றிய தீர்வுறு குலமாவது, அடியிலிருந்து உச்சி வரை, ஒவ்வொன்றும் அடுத்ததில் இயல்நிலை உட்குலமாகவும் ஈவுக் குலங்கள் பகா எண் வரிசை உடையனவாகவும் அமைந்த சங்கிலியை உடையது. குலத்தின் வரிசையை வகுக்கும் ஒவ்வொரு பகா எண்ணுக்கும், அதன் அடுக்கு முழுவதையும் நீக்கியபின் எஞ்சும் எண்ணை வரிசையாகக் கொண்ட உட்குலம் இருந்தால், அப்பொழுது மட்டுமே, குலம் தீர்வுறும் என்று பிலிப் ஹால் காட்டினார். தீர்வுறாக் குலங்களில் மிகச் சிறியதான 60 உறுப்புக் குலத்தில் 15, 20 ஆகிய வரிசைகளில் உட்குலமே இல்லை. எனினும் இது எண்களை நம்பிய சோதனை. எண்களை மறந்த பின்னலோ, பரிமாற்றுத் தன்மையைத் தொலைத்தும் தீர்வுறு தன்மையைத் தொலைப்பதில்லை: தீர்வுறு குலமொன்றின் பின்னலையே உடைய வேறெந்த முடிவுறு குலமும் தீர்வுறுமென்று சுசுகி நிறுவினார், பின்னலின் மொழியிலேயே அதற்கான இலக்கணத்தை ரோலண்ட் ஷ்மிட் 1968-இல் வகுத்தார்.

இவற்றுள் அழகு மிக்கது, என் கருத்தில், 1941-இல் இவசாவா கண்ட முடிவு. சங்கிலியின் உட்குலங்கள் அடுத்ததில் மட்டுமன்றி முழுக் குலத்திலேயே இயல்நிலையாக இருப்பின் அக்குலம் மிகைத் தீர்வுறு குலம் எனப்படும். பின்னலில் அடியிலிருந்து உச்சிக்கு இடைவிடாது ஏறும் வழிகள் அனைத்தும் ஒரே நீளமாயிருப்பதே அதன் அடையாளம். நான்கு பொருள்களின் இரட்டைப்படை வரிசைமாற்றங்களாலான 12 உறுப்புக் குலத்துக்கு 10 உட்குலங்கள் உண்டு. 6 உறுப்புடையது ஒன்றுமில்லை. ஆகவே 3 உறுப்பு உட்குலத்தின் வழியே இரண்டே படிகளில் உச்சியை எட்டலாம்; 2, 4 உறுப்பு உட்குலங்களின் வழியே மூன்று படிகள் வேண்டும். இக்குலம் தீர்வுறும், மிகைத் தீர்வுறாது.