நுண்குமிழ்ப்பை: உமரியின் இலைக்குள் ஓர் உப்பறை

நுண்குமிழ்ப்பை (வாக்குவோல்) தாவர செல்லின் மிகப் பெரிய நுண்ணுறுப்பு. முதிர்ந்த செல்லில் 80 முதல் 90 விழுக்காடு இடம் இதற்கே போய்விடும். உட்கருவும் பசுங்கணிகங்களும் மைட்டோகாண்ட்ரியாவும் சுவரோரமாக, மெல்லிய சைட்டோபிளாசப் படலத்தில் ஒண்டியிருக்கும். பையைச் சூழ்ந்திருப்பது ஒற்றைச் சவ்வு. அதற்கு டோனோபிளாஸ்ட் என்று பெயர். விலங்கு செல்லில் இத்தனை பெரிய பை கிடையாது. நீரை நிரப்பி விறைத்துக்கொள்ள, வெடிக்காமல் தாங்கும் உறுதியான செல்சுவர் வேண்டும்; அது விலங்கு செல்லுக்கு இல்லை. தாவரத்தில் இந்தப் பை செய்யும், பழுதான பொருள்களைச் செரிக்கும் வேலையை அங்கே லைசோசோம்கள் பார்த்துக்கொள்கின்றன.

இந்த நுண்ணுறுப்பின் முழு ஆற்றலையும் அறிய உவர்நிலச் செடிகளைத்தான் பார்க்க வேண்டும். சென்னைக்குத் தெற்கே உள்ள நெம்மேலிக்குக் கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். இந்தக் கரையின் உப்பங்கழிகளிலும் உப்பள வரப்புகளிலும் வளர்கிறது உமரி. அதன் இலை தடித்துச் சாறு நிரம்பியிருப்பதற்குக் காரணம், உப்புநீரைத் தேக்கி ஊதிப்போன நுண்குமிழ்ப்பைகள். உமரிக்கீரை சமைப்பவர்கள் தனியாக உப்புப் போடுவதில்லை.

ஒற்றைச் செல் உயிரிகளில் சுருங்கி விரியும் பைகளை இத்தாலியரான ஸ்பலன்சானி 1776-இல் விவரித்தார். பிரெஞ்சு உயிரியலாளர் துஜார்டின் 1841-இல் வெற்றிடம் என்ற பொருளில் அவற்றுக்கு வாக்குவோல் என்று பெயரிட்டார். அடுத்த பெரிய அடி டச்சுத் தாவரவியலாளர் ஹ்யூகோ டி விரீஸுடையது. அடர்ந்த உப்புக் கரைசலில் செல்களை இட்டு, உள்ளடக்கம் சுவரை விட்டுச் சுருங்குவதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் அவர். வெளிப்பகுதி இறந்த பிறகும் பையின் சவ்வு உயிர்ப்புடன் கரைபொருளைத் தடுத்து நிற்பதைக் கண்டு, 1885-இல் அதற்கு டோனோபிளாஸ்ட் என்று பெயர் கொடுத்தார். மெண்டலின் விதிகளை 1900-இல் மீட்டெடுத்தவர்களில் ஒருவராகவே அவரைப் பலரும் அறிவார்கள். இந்தச் சவ்வும் அதே அளவு பெருமைக்கு உரியது. 1955-இல் பெல்ஜியத்தின் டி டூவ் லைசோசோமை அறிவித்தார். தாவரங்களின் நுண்குமிழ்ப்பையிலும் அதைப் போன்ற செரிக்கும் நொதிகள் உண்டென்று சூரிச்சில் மாட்டீல் பின்னர் காட்டினார்.

உப்பின் கதை 1972-இல் திசை திரும்பியது. நம் கடற்கரையிலும் வளரும் சுவேடா மரிட்டிமா என்ற உமரியைப் பட்டாணிச் செடியோடு ஒப்பிட்டார் இங்கிலாந்தின் டிம் பிளவர்ஸ். உமரியின் நொதிகள் உப்பைத் தாங்கப் பழகியவையாக இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். சோதனைக் குழாயில் அவையும் பட்டாணியின் நொதிகளைப் போலவே உப்பில் முடங்கின. அப்படியென்றால், உமரி பிழைப்பது உப்பை நொதிகளின் பக்கம் விடாமல் வைத்திருப்பதால்தான்.

அது நடக்கும் முறை இது. டோனோபிளாஸ்டில் உள்ள இரண்டு வகைப் பம்புகள் ஆற்றலைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளைப் பைக்குள் தள்ளுகின்றன. உள்ளே நெருங்கிய அயனிகள் வெளியே வரத் துடிக்கும். அவற்றை வெளியே விடும் கடத்திப் புரதம், ஒவ்வொன்றுக்கும் ஈடாக ஒரு சோடியம் அயனியை உள்ளே இழுத்துப் போடுகிறது. உள்ளே சேர்ந்த உப்பு சும்மா கிடப்பதில்லை. உவர் மண்ணிலிருந்து நீரை இழுக்கும் விசையே அதுதான். சைட்டோபிளாசம் வறண்டுவிடாமல் கிளைசின் பீட்டெய்ன் போன்ற, நொதிகளுக்குத் தீங்கு செய்யாத பொருள்கள் அங்கே சேர்கின்றன. இதே கரையில் மனிதர் உப்பைக் கையாளும் வழி வேறு. நெம்மேலியில் கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் ஆலை 2013-இலும், 15 கோடி லிட்டர் ஆலை 2024-இலும் திறக்கப்பட்டன. அங்கே பம்புகள் கடல்நீரைப் பேரழுத்தத்தில் சவ்வின் மேல் அழுத்த, நீர் கடந்துவிடும், உப்பு நின்றுவிடும். உமரியோ உப்பை உள்ளே அனுமதித்து, அதையே நீர் ஈர்க்கும் கருவியாக்கிக்கொள்கிறது. வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் வழி இன்னொன்று: அது இலைச் சுரப்பிகளின் வழியே உப்பைக் கக்கிவிடும்.

சோடியத்தைப் பைக்குள் இழுக்கும் அந்தக் கடத்தியின் செயலை 1985-இல் புளும்வால்ட், பூல் என்ற ஆய்வாளர்கள் பீட்ரூட் இனத்தின் சேமிப்புத் திசுவில் காட்டினார்கள்; பீட்ரூட் உமரியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1999-இல் புளும்வால்டின் குழு கடத்தியின் மரபணுவை அரபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் மிகுதியாக இயக்கி, லிட்டருக்குச் சுமார் 12 கிராம் உப்புள்ள நீரில் வளர்த்தது. இது கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 2001-இல் தக்காளியிலும் இது பலித்தது: உப்பு இலைகளில் தங்கியது, பழத்தில் மிகக் குறைவாகவே சேர்ந்தது. சென்னைத் தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடாவின் குழு, உவர்நீரில் வளரும் காட்டு நெல்லினமொன்றில் இதே சவ்வின் பம்புக்கான மரபணுவை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டது.

ஆனால் ஒரு மரபணுவை மாற்றினால் வயல் உவரைத் தாங்கிவிடும் என்று சொல்வது அவசரம். பைக்குள் போட்ட சோடியம் சவ்வின் அயனித் தடங்கள் வழியே திரும்பக் கசியும். மீண்டும் உள்ளே தள்ளச் செடியின் ஆற்றல் வீணாகும். உமரியின் இன்னொரு உறவான கினோவாவில் உப்பு மிகும்போது இந்தத் தடங்களின் செயல் குறைந்துவிடுவதை 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது.