லீ-என்பீல்டு துப்பாக்கியும் அதன் பழைய உருவமும்

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் வழியில் உள்ளது ஜெஞ்சாரோம். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் முள்வேலியிட்டு அமைக்கப்பட்ட புதுக்கிராமங்களுள் அதுவும் ஒன்று. அந்நாளில் ரப்பர்த் தோட்டங்களுக்குக் காவல் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களுள் பெரும்பாலோர் மலாய்க்காரர். அவர்கள் தோளில் தொங்கியது, ‘303’ என்று வழங்கிய லீ-என்பீல்டு.

அத்துப்பாக்கி தோட்டத் தமிழர்க்குப் புதிதன்று. 1941 மே மாதம் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்தம் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். கிளர்ச்சியை அடக்க இந்தியப் படையினரே வரவழைக்கப்பட்டனர். தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். அப்படையினரின் ஆயுதமும் லீ-என்பீல்டே. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற படைக்கலங்கள் இந்திய தேசிய ராணுவத்தின் கைக்கு வந்தன. 1943-இல் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்கள் பயின்றதும் அதிலேதான். சில ஆண்டுக்குள் ஒரு கருவி இத்தனை கை மாறியது வியப்பன்றோ!

இவ்வரலாற்றுக்குச் சான்று துப்பாக்கியின் உடம்பிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. போல்ட்டுக்குக் கீழே, அடிக்கட்டை பொருந்தும் இரும்பு வளையத்தில் அரச முத்திரையும், தொழிற்சாலையும், ஆண்டும் காணப்படும். இங்கிலாந்தின் என்பீல்டு, கல்கத்தாவை அடுத்த இஷாப்பூர், ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆகிய மூன்று இடத்துப் பொறிப்புகளும் மலாயாப் போருக்கு உரியவை; லித்கோவில் செய்தவை ஆஸ்திரேலிய எட்டாம் டிவிஷனோடு இங்கு வந்தன.

1907-இல் ஏற்கப்பட்ட மூன்றாம் மாதிரியே இவற்றுள் புகழ்பெற்றது. குழலின் நீளம் 25 அங்குலத்துக்குச் சற்று மேல். குழல்வாய் வரை மரம் மூடியிருக்கும். தொடர்ந்து சுடுகையில் கை சுடாதிருக்கவே இவ்வேற்பாடு. நுனியிலுள்ள இரும்புத் தொப்பியில் 17 அங்குல அலகுடைய பேயனட்டு மாட்டப்படும். தோட்டாப் பெட்டி பத்துக் கொள்ளும். ஐந்தைந்தாகக் கோத்த தோட்டாக்களை இருமுறை அழுத்தினால் நிறையும். 1916-இல், போர் நெருக்கடியால், சில உறுப்புகள் நீக்கப்பட்டு வேலை எளிதாக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்துப்பாக்கிகள் மேனாடுகளில் மலிவாக விற்கப்பட்டன. வாங்கிய வேட்டைக்காரர் முன்மரத்தை வெட்டினர். இரும்புத் தொப்பியைக் கழற்றி எறிந்தனர். பின்னர் வந்த ஆர்வலர் அவற்றைத் தேடித் திரும்பப் பொருத்தலாயினர். வேட்டைக்காரர் செய்தது தவறென்பதில் ஐயமில்லை. ஆனால் திரும்பப் பொருத்துவோரிலும் ஒரு சாரார் வேறொரு பிழை செய்கின்றனர். பழைய உருவம் என்றால் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் உருவம் என்று அவர்கள் கொள்கின்றனர்.

இஷாப்பூர்த் துப்பாக்கிகள் பலவற்றில் முன்மரத்தின் ஊடே ஒரு திருகாணி குறுக்கே செல்லும். வெப்ப நாட்டில் மரம் பிளவாதிருக்க இந்தியாவில் சேர்த்தது அது. 1907-ஆம் ஆண்டு மாதிரியில் இல்லை. ‘மூலத்தில் இல்லாதது’ என்று அதைக் களைந்து புதுமரம் பொருத்துவோர் உண்டு. களைந்தபின் அது எந்நாட்டுப் பணியில் தேய்ந்தது என்பதை எவ்வாறு அறிவது? பணிக்காலத்தில் நேர்ந்த பழுதும் பார்த்த செப்பமும் பழைய உருவத்தைச் சேர்ந்தவையே.

பராமரிப்பு முறை படைவீரர் அறிந்ததே. அக்காலத் தோட்டாவின் பற்றுமருந்து உப்பைக் குழலில் விட்டுச்செல்லும். ஆகவே சுட்டபின் கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுவர். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய். உப்புத்தாள் தேய்ப்பும் பளபளக்கும் வார்னிஷும் கூடா. வார்னிஷைப் பூசியதும் காட்சிக்கு அழகாகவே இருக்கும், தொல்லை அங்கேதான். உப்புத்தாள் பட்டால் மரத்திலுள்ள எண்களும் முத்திரைகளும் மறையும்.

இஷாப்பூரோ அப்பழைய உருவத்தை எளிதில் கைவிடவில்லை. 1962 சீனப் போரை ஒட்டி, 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கேற்ப உலோகத்தை வலுப்படுத்தி, வெளித்தோற்றம் பெரிதும் மாறாமல் ‘2ஏ’ என்றும் பின்னர் ‘2ஏ1’ என்றும் செய்தது.

மலேசியாவில் உரிமமின்றி எவரும் துப்பாக்கி வைத்திருத்தல் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எனவே இப்பணி போர்ட் டிக்சன் தரைப்படை அருங்காட்சியகம், கோலாலம்பூர்க் காவல்துறை அருங்காட்சியகம் போன்றவற்றுக்கே உரியது. அத்தகைய இடங்களுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், காட்சிப் பலகையைப் படிக்குமுன் அந்த இரும்பு வளையத்தைப் பார்க்கச் சொல்லலாம்.